இருநூற்றுப் பதினாலாம் ஆணி

டோக்கன் ஐயா யார் வீட்டுக்கு வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தலைகளை எண்ணுவார். வாய் அசையாது. வலது கைக் கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். திரும்பிப் போகும்போதும் அப்படியே. இரண்டு எண்ணும் ஒத்துவந்தால்தான் "அப்ப வாறன்" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருநாள், அவர் கிளம்புகிற நேரம் பார்த்து என் மனைவி கிணற்றடிக்குப் போய்விட்டாள். மனிதர் வாசல் படலையில் நின்றுவிட்டார். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது.

"ஏன் ஐயா நிக்கிறியள்?"

"ஒராள் குறையுது தம்பி."

அவள் வாளியோடு வந்த பிறகுதான் சைக்கிளில் ஏறினார்.

இதை வைத்து அவரைப் பகிடி பண்ணாத ஆள் திருகோணமலையில் இல்லை. நானும் பண்ணியிருக்கிறேன். ஆனால் கலியாண வீட்டில் பந்திக்கு எத்தனை இலை போடுவது என்று கேட்க அவரைத்தான் தேடுவார்கள். மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறினால் ஏறுகிறவர்களை எண்ணுவார், அந்தக் கரையில் இறங்குகிறவர்களையும் எண்ணுவார். ஒருமுறை ஒன்று குறைந்தது. "இறங்கவேண்டிய ஆள் ஒண்டு உள்ளுக்கை இருக்கு" என்று இறங்குதுறையில் நின்று ஒற்றைக்காலில் அடம்பிடித்தார். சுக்கான் பிடிக்கிறவன் வாயில் வந்தபடி ஏசிக்கொண்டு தேடினான். அரிசி மூட்டைகளுக்கு நடுவே, தார்ப்பாயின் கீழ், ஒரு கிழவர் மயங்கிக் கிடந்தார். அதற்குப் பிறகும் சிரித்தோம், கொஞ்சம் குறைவாக.

அவருடைய சொந்தப் பெயர் இருந்தது. நான் எழுதவில்லை. பெயரால் வந்த வினையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், அதில் அவர் பெயரையும் இழுத்து விடுவானேன்.

இரண்டாம் உலக யுத்த காலத்தில், துறைமுகத்தில் கப்பல்கள் பழுதுபார்க்கும் யாட் ஒன்றின் வாசலில் அவருக்கு ஒரு மேசையும் ஒரு பலகையும் இருந்தன. பலகையில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் இலக்கம் வெட்டிய பித்தளை வில்லை ஒன்று தொங்கும். அதுதான் டோக்கன். காலையில் வேலையாள் இலக்கத்தைச் சொல்லி டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போவான். மாலையில் திருப்பிக் கொடுப்பான், ஐயா ஆணியில் மாட்டுவார். ஆணி வெறுமையாக இருந்தால் அந்த ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அவர் எண்ணுகிற மனிதர் இல்லையாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பகிடி விட்டு, டோக்கனைச் சுண்டி எறிகிற மனிதராம். நம்பக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னார்.

அந்த வாசல்களில் 'ஆள் மாறி நிற்கிறது' என்று ஒரு வழக்கம் இருந்தது. நிரந்தர வேலைக்காரனுக்குக் காய்ச்சல், கலியாணம் என்று ஏதாவது வந்தால், வேலை பறிபோகாமல் இருக்கத் தன் இலக்கத்தில் இன்னொருவனை அனுப்புவான். இன்றைக்காவது கூப்பிடமாட்டார்களா என்று வெளியே நிற்கும் நாட்கூலிகளுக்கு அது ஒரு வாய்ப்பு. வெள்ளைக்காரத் துரைக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்று. ஐயாவுக்கு முகங்கள் தெரியும். தெரிந்துதான் விட்டார்.

ஜப்பான்காரனின் விமானங்கள் வந்த காலையில் இருநூற்றுப் பதினாலாம் இலக்கத்தைக் கேட்டுக்கொண்டு வந்து நின்றவன் கிண்ணியாவைச் சேர்ந்த அசனார். அந்த இலக்கம் கதிராமத்தம்பி என்பவருடையது.

"கதிராமத்தம்பி எங்கையடா?"

"வீட்டில அவருக்குப் புள்ள பொறக்கப்போகுது ஐயா. நான் நிக்கிறன்."

"பிள்ளை பிறந்தால் கற்கண்டு கொண்டுவரச் சொல்லு" என்று ஐயா டோக்கனை எறிந்தார். அசனார் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

சற்று நேரத்தில் யாட்டில் குண்டுகள் விழுந்தன. அன்று மத்தியானம் நகரமே ஓடியது. சட்டி பானையோடும் ஆடு மாட்டோடும் கந்தளாய் பக்கமும் மூதூர் பக்கமும் போனார்கள். வேலைக்காரர்களில் பாதிப்பேர் டோக்கனைச் சட்டைப்பையில் போட்டபடியே ஓடி, மாதக்கணக்கில் கழித்து ஒவ்வொருவராக வந்து கொடுத்தார்கள். கடைசிவரை வெறுமையாக நின்ற ஆணிகளை வைத்துத்தான் செத்தவர் பட்டியல் எழுதப்பட்டது. இருநூற்றுப் பதினாலு எரிந்துபோன ஓர் உடலுக்குக் கீழே கிடைத்தது. பட்டியல் பிறகு கல்லானது. யாட் வாசலில் நட்டார்கள். அதில் பன்னிரண்டாவது பெயர் கதிராமத்தம்பி.

கதிராமத்தம்பி என் அப்பா. கல்லில் பெயர் வெட்டிய பிறகும் இருபத்தெட்டு வருடம் உயிரோடு இருந்தார். பிறக்கப்போன பிள்ளை நான்.

அசனாருக்குச் சொந்த ஆணி இல்லை. ஆகவே அவன் உள்ளே போகவுமில்லை, சாகவுமில்லை. ஊர் கலைந்து ஓடிய நாளில் காணாமல் போன ஒருவன், அவ்வளவுதான். கிண்ணியாவில் அவனுடைய மனைவி கைப்பிள்ளையோடு இருந்தாள். புருசன் எங்கேயோ இன்னொருத்தியோடு ஓடிப்போனான் என்று அவள் சகோதரர்களே சொன்னார்கள். ஐயா போய் நடந்ததைச் சொன்னார். "கல்லில அவர்ர பேர் எங்க?" என்று கேட்டார்கள். கூடவே, "டோக்கன் குடுத்து உள்ள விட்ட ஆள்தானே, தன்ர பிழையை மறைக்க எதையும் சொல்லுவார்" என்றும் சொன்னார்கள். துரையிடம் போனார். "செத்தவர் பட்டியலில் இந்தக் கையெழுத்து உன்னுடையதுதானே? இருநூற்றுப் பதினாலு உயிரோடு வந்து நின்றால் பார்க்கலாம்" என்று துரை சொன்னாராம். அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

இருநூற்றுப் பதினாலு வந்து நிற்கவில்லை. என் அக்காவையும் பச்சைக் குழந்தையான என்னையும் பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு கிளிவெட்டிக்கு ஓடியவர், யுத்த காலத்தில் டோக்கனை மாற்றிக் கொடுத்தால் மறியலில் அடைப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அங்கேயே வயல் செய்துகொண்டு இருந்துவிட்டார். கப்பல்கள் எல்லாம் போய், வெள்ளைக்காரனின் கடற்படைத் தளம் கைமாறிய பிறகுதான் நகரத்துக்குத் திரும்பினோம். அப்போது மறியலும் இல்லை, துரையும் இல்லை. இருந்தும் அப்பா வாய் திறக்கவில்லை. கல்லில் இருக்கும் பெயரைப் பற்றிக் கேட்டால், "அது வேற ஆள். இந்தப் பேர் எத்தினை பேருக்கு" என்பார்.

வருடத்தில் ஒருநாள் கார்த்திகை பிறக்கும் முன்னால் டோக்கன் ஐயா எங்கள் படலைக்கு வருவார். உள்ளே வரமாட்டார்.

"கதிராமத்தம்பி, வாற கிழமை கிண்ணியாவுக்குப் போறன். வாறியோ?"

"சுகமில்லை ஐயா."

"சரி. சுகம் வரட்டும்."

வருடாவருடம் இதே வசனங்கள்தான். கடன்காரரோ என்று நான் நினைத்திருந்தேன். அப்பாவின் செத்த வீட்டில்தான் உண்மையைச் சொன்னார். பறை அடிக்கிற சத்தத்துக்குள் என் காதுக்குக் கிட்ட வந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "நான் உன்ர அப்பனைக் குறை சொல்லேல்லை. அவன் பயந்தவன். நான் விட்டவன்" என்றார். கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு சுற்றும்போது எனக்கு அழுகை வரவில்லை. என்னை ஏமாற்றிவிட்டார் இந்த மனிதர் என்ற கோபம்தான் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒருவனுடைய சாவை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, என் பிறந்தநாளுக்குப் பொங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நான் ஐயாவோடு நெருங்கினேன். அரசாங்கக் கச்சேரியில் எனக்குக் கிளாக்கர் வேலை. ஞாயிறு காலையில் கடற்கரை வீதிப் பக்கத்து வாசிகசாலை. அங்கே நான் காரியதரிசி, ஐயா பத்திரிகை படிக்கிற அங்கத்தவர். படிப்பதைவிட அங்கே கதைதான் அதிகம். கதையிலும் பாதி யுத்தக் கதை.

விமானங்களைச் சுடும் பீரங்கியில் நின்ற ஒருவர் இருந்தார். மெடல்காரர் என்போம். பீரங்கிச் சத்தத்தில் அவருடைய இடது காது போய்விட்டது. மெடல் தபாலில் வந்ததாம், பிரித்துப் பார்த்தால் நாடாகூட இல்லையாம். அதைத் தன் மனைவியின் சேலைக்கரைத் துண்டொன்றில் தொங்கவிட்டுக்கொண்டுதான், யுத்தத்தில் செத்தவர்களுக்குக் கார்த்திகை மாதத்தில் நடக்கும் அஞ்சலிக்குப் போவார். அவருக்கு எதிர்க் கதிரையில் ஒரு வாத்தியார்.

"அண்டைக்கு நாங்கள் சுடாட்டில், இண்டைக்கு நீர் ஜப்பான் பாஷையிலதான் தேத்தண்ணி கேக்கவேணும்" என்பார் மெடல்காரர்.

"கப்பல் அவன்ர, எண்ணெய் அவன்ர, வெடியும் அவன்ர. பிணம் மட்டும் எங்கட. அதுக்குப் பேர் நியாயமான சண்டையோ?"

"அவன் கொழும்பிலயும் போட்டவன், இஞ்சையும் போட்டவன். கையைக் கட்டிக்கொண்டு நிக்கச் சொல்லுறீரோ?"

"இஞ்சை வெள்ளைக்காரன் கப்பலைக் கட்டாட்டில் ஜப்பான்காரன் ஏன் வாறான்? எத்தினை சனம் அநியாயமாச் செத்தது!"

"எத்தினை?" என்று மூலையிலிருந்து கேட்பார் ஐயா.

"நிறைய, ஐயா."

"நிறைய எண்டு ஒரு எண் இல்லை வாத்தியார்."

சண்டை சரியா பிழையா என்று அவரிடம் கேட்டால் பதில் வராது. ஒருமுறை நான் விடாமல் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பில் துடைத்தார். "சரி எண்டவனும் எண்ணேல்லை. பிழை எண்டவனும் எண்ணேல்லை. சண்டைக்கு வாசல் வைச்சவன் ஒருத்தனும் டோக்கன் மேசை வைக்கேல்லை. செத்தவனைச் சரியாச் சொல்லத் தெரியாத ஆக்கள் சண்டையின்ர நியாயத்தை என்னெண்டு சொல்லுறது?" என்றார். மெடல்காரர் நல்ல காதைத் திருப்பி, "என்னவாம்?" என்று கேட்டார்.

கல்லைத் திருத்த அவர் ஏறாத படி இல்லை. போன துரைமார், "ஊருக்குப் போய் எழுதுகிறோம்" என்று கைகுலுக்கினார்கள். வருடக்கணக்கில் தபால்காரனைப் படலையில் மறித்துப் பார்த்தார். வந்த புது அதிகாரிகள், கல் பழைய ஆட்கள் வைத்தது என்றார்கள். கடைசியில் ஒரு நல்ல மனிதர், ஊர்ச் சங்கம் ஒன்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, சாட்சியோடு எழுதித் தந்தால் தன் பொறுப்பில் ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்றார். அப்பா செத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. சாட்சி என்றால் இனி நான்தான்.

வாசிகசாலையில் கூட்டம் வைத்த ஞாயிறன்று விடிந்ததும் ஐயா என் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம். தேத்தண்ணீர் குடித்தார். எங்கள் வீட்டில் எண்ணும்போது எப்போதும் என்னிலிருந்துதான் தொடங்குவார், அன்றைக்கும் அப்படியே தொடங்கினார்.

"எழும்பி ஒரு வசனம் சொன்னால் காணும் தம்பி. 'என்ர அப்பா அண்டைக்கு உள்ள போகேல்லை, அவருக்குப் பதிலா அசனார் போனவர்.' வேற ஒண்டும் வேண்டாம்."

"கட்டாயம் சொல்லுவன் ஐயா."

"அசனார்ர பெண்சாதி இண்டைவரைக்கும் செத்த புருசனுக்குக் குர்ஆன் ஓதி ஒரு கத்தம் குடுக்கேல்லை. ஓடிப்போனவனுக்கு ஓத ஏலாது எண்டு அண்ணன்மார் விடேல்லை."

"சொல்லுவன் எண்டுறனே" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகக்கூட.

அந்த வருடங்களில் வாசிகசாலையில் யுத்தக் கதை வேறு கதையாகியிருந்தது. பழைய யுத்தத்தை விட்டுவிட்டு வரப்போகும் யுத்தத்தைப் பேசினார்கள். பேசியவர்கள் இளம் பெடியன்கள். அவர்களில் முன்னுக்கு நின்றவன் என் அக்காவின் மகன். கெட்டிக்காரன், கண்ணில் நெருப்பு. அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. வேலை கிடைக்காததும் அவர்களுக்குத்தான், பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு அடிபட்டதும் அவர்கள்தான். கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கே சில நேரம் மயிர் கூச்செறியும்.

ஐயாவின் தீர்மானம் வாசிக்கப்பட்டதும் மருமகன் எழும்பினான்.

"வெள்ளைக்காரன் நட்ட கல்லுக்கு நாங்கள் ஏன் கையெழுத்து வைக்கவேணும்? அந்தக் கல்லை இடிச்சுத் தள்ளவேணும். அடிமை வேலை செய்து செத்தவைக்குக் கல்; நாளைக்கு எங்கட மண்ணுக்காகச் சாகப்போறவைக்கு என்ன?"

கைதட்டல் விழுந்தது. ஐயா மூலையில் இருந்தபடியே கேட்டார்.

"எத்தினை பேர் போறியள் தம்பி?"

"என்ன?"

"உள்ள எத்தினை பேர் போறியள்? வெளியால வரேக்குள்ள ஆர் எண்ணப்போறது? ஆரார் போனது எண்டு தாய்மாருக்கு ஆர் சொல்லுறது? அந்த மேசையில இருக்கிறதுக்கு ஆளை வைச்சிட்டியளோ?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. வேறு எதையும் அவ்வளவு கவலையோடு அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கூட்டம் கொதித்தது. சாபம் போடுகிறார் என்றான் ஒருவன். வெள்ளைக்காரன்ர வாசல் நாய் என்றான் இன்னொருவன். இந்தத் தீர்மானத்தைத் தள்ளிவிட்டு இந்த ஆளையும் அங்கத்துவத்திலிருந்து நீக்கவேண்டும் என்று மருமகன் முன்மொழிந்தான். தலைவர் என்னைப் பார்த்தார். ஐயாவும் பார்த்தார்.

நான் எழும்பவில்லை. ஏன் என்று இத்தனை வருடமாக விதம் விதமாகக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அரசாங்க உத்தியோகம், பெடியன்களின் கோபம், அக்காவின் முகம். எல்லாம் சப்பைக்கட்டு. எழும்பினால் என் அப்பா கோழை என்று ஊருக்கு நடுவில் என் வாயால் சொல்லவேண்டும். அதுதான் ஏலாமல் போயிற்று. அப்பாவுக்கு வந்த அதே 'சுகமில்லை' எனக்கும் வந்தது.

"ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ" என்றார் தலைவர்.

கைகள் எழுந்தன. வாத்தியாரின் கை எழுந்தது. மெடல்காரர் மட்டும் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, காது கேட்காதவர்போல் இருந்தார். என் கை எப்போது எழுந்தது என்று எனக்குத் தெரியாது. பார்த்தபோது அது மேலே இருந்தது.

ஐயாவின் கட்டைவிரல் விரற்கணுக்களில் ஏறி இறங்கியது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை. காரியதரிசிக் கதிரைக்கு வந்ததும் ஒரு கணம் நின்றது. பிறகு என்னையும் சேர்த்து எண்ணினார். எழும்பினார்.

"இருபத்திரெண்டு" என்றார் தலைவரிடம். "எழுதிக்கொள்ளுங்கோ, பிழை இல்லை."

கூட்ட அறிக்கையில் அந்த எண்ணை எழுதியது என் கைதான்.

அதற்குப் பிறகு அவர் என் படலைக்கு வரவில்லை. நாலு மாதத்தில் செத்துப்போனார். செத்த வீட்டுக்குப் போனேன். வந்தவர்களை எண்ண அங்கே ஆள் இல்லை. மருமகனும் அடுத்த வருடம் ஒருநாள் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுப் போனவன்தான். எத்தனை பேரோடு போனான், யார் யார் என்று அக்காவுக்குச் சொல்ல இன்றைக்கும் ஒருவரும் இல்லை.

மருமகன் போன கிழமைதான் நான் கிண்ணியாவுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி, காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்பது என்ற எண்ணம். துறையில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றும், 'பாதை' என்கிற மிதவையில் கடந்து, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். சின்ன வீடு, கூட்டிய முற்றம். அசனாரின் மனைவி நரைத்துப்போயிருந்தாள். நான் யார் என்று சொன்னதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். சிரிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கதிராமத்தம்பிர மகனா? இருங்க மகன், இந்தக் கதிரையில இருங்க. நீங்க வருவீங்க எண்டு டோக்கன் ஐயா சொன்னவரு."

"ஐயா வந்தவரோ?"

"கூட்டம் முடிஞ்ச அண்டைக்கே வந்தாரே, அந்த வெயிலுக்குள்ள. என்ர கூடப்பொறந்த காக்காமாரையும் கூப்பிடச் சொல்லி, அவங்களுக்கு முன்னாலதான் சொன்னாரு. இவ்வளவு காலமும் அவர் சொன்னத ஆரும் எடுக்கல்ல, உள்ள விட்ட ஆள்தானே எண்டு. கதிராமத்தம்பிர ரெத்தமே சபையில எழும்பி, அசனார்தான் மவுத்தான எண்டு சொன்ன பொறகு காக்காமார் என்னத்தக் கதைக்கிற? அடுத்த வெள்ளிக்கே கத்தம் ஓதி ஊருக்குச் சோறு குடுத்தம். பெரிய காக்கா கையப் புடிச்சு அழுதாரு, நாப்பது வருசமா ஒன்ன அவமானப்படுத்திட்டனே எண்டு."

லோஞ்சிலிருந்து கலியாணப் பந்திவரை ஒரு தலையைக்கூடப் பிழையாகச் சொல்லாத மனிதர். நாங்கள் கைதூக்கி விரட்டிய அந்த மத்தியானம், நேரே இங்கே வந்து, வாழ்நாளில் ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இப்போது நான் உண்மையைச் சொன்னால், ஓதிய கத்தம் என்னாவது, அழுத அண்ணன் என்னாவது? பேசாமல் இருந்தால், எழும்பாத நான் எழும்பியவனாகவே இந்த வீட்டில் இருப்பேன்.

அவள் தேத்தண்ணீரை என் முன்னால் வைத்தாள். பனங்கட்டித் துண்டொன்றும் வைத்தாள்.

"நீங்க எழும்பின பொறகு ஒவ்வொருத்தரா எழும்பினாங்களாம். எண்ணிப் பார்த்தவராம். இருபத்திரெண்டு பேராம். உள்ளதா மகன்?"

"ஓம்" என்றேன். "இருபத்திரெண்டு பேர்தான்."